ஸ்டெம் செல் ஊசி போட்டால் சிறுநீர் டியூபை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 36. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பில் டி10 என்ற எலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஆனால் கால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கின்றன. அன்று போட்ட சிறுநீர் டியூப் இன்றுவரை இருக்கிறது. மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். டியூபைச் சுற்றியும் கசிந்து துணியெல்லாம் நனைகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை குளிர்ஜுரம் வருகிறது. வாடை வரும் என்று பயந்து விசேஷங்களுக்கும் அவர் வருவதில்லை. ஒரு தனியார் மையத்தில், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து ஸ்டெம் செல்லாக முதுகில் ஊசி போட்டால் நான்கு தவணையில் சிறுநீர் உணர்வு திரும்பிவிடும், டியூபை எடுத்துவிடலாம் என்கிறார்கள். வீடியோவும் காட்டினார்கள். எட்டு லட்சம் ஆகுமாம். "நடக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு கஷ்டம் தீர்ந்தால் போதும்" என்கிறார் அவர். வீட்டுமனையை விற்கலாமா?
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு,

மனையை விற்க வேண்டாம். முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் எழுத்து மூலம் கேட்டுத் திரும்ப வாங்கப் பாருங்கள். உங்கள் கணவரின் கசிவுக்கும் ஜுரத்துக்கும் இன்றைக்கே வைத்தியம் இருக்கிறது. ஸ்டெம் செல்லுக்கு ஆகும் தொகையில் சிறு பங்குகூட அதற்கு ஆகாது. இரண்டு வருடமாக அதை யாரும் அவருக்குச் செய்யவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது.

அவர் சொன்னதில் தவறே இல்லை. வெளியே இருப்பவர்கள் "எப்போது நடப்பார்?" என்றுதான் கேட்பார்கள். தண்டுவடம் அடிபட்டவர்களிடமே கேட்டால் பதில் வேறாக இருக்கும். 2004ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், கழுத்தில் அடிபட்டவர்கள், முதுகில் அடிபட்டவர்கள் இரு தரப்பினருமே சிறுநீர், மலக் கட்டுப்பாடு திரும்ப வேண்டும் என்பதை முக்கியமான ஆசைகளில் ஒன்றாகச் சொன்னார்கள். ஸ்டெம் செல் விளம்பரங்களும் இந்த ஆசையைக் குறிவைத்துத்தான் வருகின்றன.

முதலில் அவருடைய சிறுநீர்ப்பையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

சிறுநீர் கழிக்கும்போது இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும். பை சுருங்க வேண்டும், அதே நேரம் அடியில் இருக்கும் வால்வு தளர வேண்டும். இந்த இரண்டையும் ஒத்திசைத்து நடத்தும் இடம் மூளையின் அடிப்பகுதியில், மூளைத்தண்டில் இருக்கிறது. பையைச் சுருக்கும் நரம்புகளோ தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து, எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள இடத்திலிருந்து புறப்படுகின்றன. டி10ல் அடிபட்டதால் மேலிருந்து வரும் கட்டளை அறுந்துவிட்டது. ஆனால் கீழே இருக்கும் மையம் உயிரோடுதான் இருக்கிறது. கால்கள் வெட்டி இழுப்பதும் அதற்கு ஒரு அடையாளம். மேலே கேட்க ஆளில்லாததால் அந்த மையம் தன்னிச்சையாக வேலை செய்கிறது. கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே பை சுருங்கும். அதே நொடியில் வால்வும் இறுகும். வாயைக் கட்டிய பலூனை இரண்டு கையாலும் அமுக்குவது மாதிரிதான் இது. உள்ளே அழுத்தம் ஏறும், சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகம் வரை திரும்பிப் போகும். சேமிக்கும் நேரத்தில் பையின் அழுத்தம் 40 சென்டிமீட்டர் தண்ணீர் அளவைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று 1980களிலிருந்தே யூராலஜிக்காரர்கள், அதாவது சிறுநீர்ப்பாதை மருத்துவர்கள் நாங்கள், ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

டியூப் இருந்தும் பக்கத்தில் கசிவது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். பெரும்பாலும் டியூப் சிறியதாக இருப்பதால் அல்ல, பை முறுக்கிக்கொண்டு சிறுநீரை வெளியே தள்ளுவதால். பல இடங்களில் இதற்கு இன்னும் தடிமனான டியூப் போடுவார்கள், டியூப் நழுவாமல் உள்ளே நிறுத்தும் பலூனில் தண்ணீரைக் கூட்டுவார்கள். அதனால் கசிவு நிற்காது, சிறுநீர்ப்பாதைதான் புண்ணாகும். டியூப் அடைத்துக்கொண்டாலும், பைக்குள் கல் இருந்தாலும் இதே போலக் கசியும். இரண்டு வருடம் தொடர்ந்து டியூப் இருந்தவருக்குக் கல் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்லுக்கு வருவோம். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் செல்கள் முதுகில் போய் நரம்பாக மாறி அறுந்த இடத்தை ஒட்டவைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மையங்களின் படங்களும் அப்படித்தான் இருக்கும். உண்மையில் அந்தச் செல்கள் நரம்பாக மாறுவதாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அவை சில ரசாயனங்களைச் சுரந்து வீக்கத்தைக் குறைக்கும், மிச்சம் இருக்கும் நரம்புகளைப் பாதுகாக்க உதவும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்பு. அதனால்தான் பல ஆய்வுகள் காயம் பட்ட முதல் சில வாரங்களைக் குறிவைக்கின்றன. இரண்டு வருடம் ஆன காயத்தில் வீக்கம் அடங்கி, தழும்பு கட்டி, சில பேருக்கு நடுவில் நீர் கோத்த பள்ளமும் விழுந்திருக்கும். அதைத் தாண்டி மூளைத்தண்டையும் அடித் தண்டுவடத்தையும் மறுபடி இணைத்தால்தான் பையும் வால்வும் பழையபடி ஒத்துப்போகும். ஒரு விரல் அசைவதைவிட இது சிக்கலான வேலை.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகம், ஐபிஎஸ் செல்லிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லாக மாற்றியது) உருவாக்கிய நரம்பு முன்னோடிச் செல்களை நான்கு பேருக்கு வைத்து, 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் சுமார் 20 லட்சம் செல்கள், அதுவும் அடிபட்டு ஒரு மாதத்துக்குள். இரண்டு பேருக்கு அசைவில் முன்னேற்றம், ஒருவர் தானாக நிற்கும் அளவுக்கு. பேசப்பட்டது கை, கால் அசைவைப் பற்றித்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2024ல் வெளியிட்ட ஆய்வில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை 10 பேருக்கு முதுகுத் திரவத்தில் செலுத்தினார்கள். ஏழு பேர் நரம்பியல் தர அளவீட்டில் ஒரு படியாவது ஏறினார்கள், மூன்று பேருக்கு மாற்றமில்லை. இது பாதுகாப்பைப் பார்க்க நடந்த முதல் கட்ட ஆய்வு. ஊசி போடாத ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. அதே ஜப்பானில் 2018 டிசம்பரில் ஸ்டெமிராக் என்ற மஜ்ஜைச் செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். வெறும் 13 பேரை வைத்து, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் கொடுத்துவிட்டார்கள் என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அதைக் குறை சொன்னார்கள்.

உங்கள் கணவரைப் போல நாள்பட்ட காயத்தில், சிறுநீர்ப்பையையும் அளந்து பார்த்தவர்கள் ஸ்பெயினின் மத்ரித் நகரில் ஒரு பொது மருத்துவமனைக்காரர்கள். நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்லைப் போட்டபின் சிலருக்குப் பையின் அழுத்தமும் கொள்ளளவும் மேம்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் மையம் எதையாவது ஆதாரமாகக் காட்டினால் பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றாக இருக்கும். அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்கள் மிகக் குறைவு, ஒப்பீட்டுக் குழு இல்லை. "முன்னேற்றம்" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் கருவியில் தெரியும் எண். டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு இயல்பாகப் போனார்கள் என்று அர்த்தமில்லை. நம் நாட்டிலேயே, டெல்லியில் உள்ள இந்தியன் ஸ்பைனல் இஞ்சுரிஸ் சென்டரில் புதிதாக அடிபட்டவர்களுக்கு மஜ்ஜைச் செல் போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016ல் வெளியான அந்த ஆய்வில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. விளம்பரத்தில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

சிறுநீர்ப்பைக்கே நேராகச் செல் வைத்த கதையும் உண்டு. பிறவியிலேயே தண்டுவடக் குறை இருந்த ஏழு பிள்ளைகளுக்கு, அவர்களுடைய செல்களிலிருந்தே ஆய்வகத்தில் வளர்த்த பையை வைத்து அமெரிக்காவில் அந்தோணி அட்டாலா குழு 2006ல் வெளியிட்டபோது உலகமே தலைப்புச் செய்தியாக்கியது. அதே வழியில் இன்னொரு குழு 10 பிள்ளைகளுக்குச் செய்து 2014ல் வெளியிட்டது. பையின் கொள்ளளவும் நெகிழ்வும் மேம்படவில்லை, பக்கவிளைவுகள்தான் அதிகம். இதற்குத் தலைப்புச் செய்தி வரவில்லை.

"பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே" என்று நினைக்கக்கூடும். பெய்ஜிங்கில் கருவின் மூக்கு நரம்புச் செல்களைத் தண்டுவடத்தில் போட்டுக்கொண்ட ஏழு பேரை வெளியாட்கள் பரிசோதித்து 2006ல் எழுதினார்கள். ஐந்து பேருக்கு மூளைக்காய்ச்சல் உள்ளிட்ட சிக்கல்கள், பயன்படும்படியான முன்னேற்றம் ஒருவருக்கும் இல்லை. லிஸ்பனில் மூக்குத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்து, அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டி வந்தது. சொந்த மஜ்ஜைச் செல்லில் இந்த அளவு ஆபத்து பொதுவாகப் பேசப்படவில்லை, உண்மைதான். ஆனாலும் நான்கு முறை முதுகில் ஊசி இறங்குகிறது. அந்தச் செல்லை எங்கே, எந்தச் சுத்தத்தில் தயாரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

அந்த வீடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் வயிற்றின் அடியில் தட்டுகிறார், சிறுநீர் தானாக வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதுதானே காட்டினார்கள்? இது செல் செய்த வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன கீழ் மையம் தூண்டப்பட்டால் பை தானாகச் சுருங்கி இப்படி வரும். உங்கள் கணவருக்கும் டியூபை எடுத்துவிட்டுத் தட்டினால் வரலாம். ஆனால் வால்வு இறுகிய நிலையில் அதிக அழுத்தத்தில் வெளியேறுகிறது, பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. டியூப் இல்லை என்று குடும்பம் சந்தோஷப்படும்போது சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும். டியூபை எடுத்துவிட்டோம் என்று ஒரு மையம் சொன்னால், எடுத்தபின் யூரோடைனமிக் பரிசோதனை (பைக்குள் அழுத்தத்தை அளப்பது) செய்தீர்களா, பையில் எவ்வளவு சிறுநீர் மிச்சம் நிற்கிறது என்று கேளுங்கள். பதில் எந்த வேகத்தில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்த மையங்களில் ஊசியோடு கூடவே தினமும் பல மணி நேரம் பிசியோதெரபி நடக்கும், சிறுநீர்க் கிருமிக்கு மருந்து கொடுப்பார்கள், மலச்சிக்கலைச் சரிசெய்வார்கள். இவை எல்லாமே தனியாகவும் பலன் தரக்கூடியவை. அடிபட்ட முதல் வருடத்தில் சிலருக்கு எதுவும் போடாமலேயே கொஞ்சம் மீளும். பெயரை எல்லாம் ஊசி தட்டிச் செல்லும்.

சட்டத்தின் நிலையும் தெளிவாகவே இருக்கிறது. ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்படி, ரத்த நோய் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். வெளியே சிகிச்சை என்று விற்பது மருத்துவ ஒழுங்குமீறல். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2019ன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி ஸ்டெம் செல் தயாரிப்பு "புதிய மருந்து" வகையில் வருகிறது. எனவே எட்டு லட்சம் கேட்டாலே அது முறையான ஆய்வு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "நாங்கள் சிடிஆர்ஐயில் பதிவு செய்திருக்கிறோம்" என்று சிலர் எண்ணைக் காட்டுவார்கள். அது ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேடு, அவ்வளவுதான். பதிவு செய்தாலே சிகிச்சை பலிக்கும் என்று அரசு சான்று கொடுத்ததாக ஆகாது. வருங்காலத்தில் நல்ல ஆய்வு ஒன்று வந்தால், அதில் சேரும் தகுதியோடு அவர் இருக்க வேண்டும். ஏற்கெனவே எதையாவது முதுகில் போட்டுக்கொண்டவர்களைப் பல ஆய்வுகள் சேர்த்துக்கொள்வதில்லை. இதையும் யோசியுங்கள்.

இனி செய்ய வேண்டியது. அவரை ஒரு பெரிய மருத்துவமனையில் யூராலஜி பிரிவிலோ, மறுவாழ்வு மருத்துவப் பிரிவிலோ காட்டுங்கள். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவு இதற்கென்றே பெயர் பெற்றது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954ல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் பாதித்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன் செய்தவர். அங்கே போனால் சிறுநீரகம், பை இரண்டுக்கும் ஸ்கேன், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), அப்புறம் யூரோடைனமிக் பரிசோதனை இந்த மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கால் தசை மெலிந்தவர்களுக்குக் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும். அது நார்மல் என்று வந்ததால் மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம், ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். யூரோடைனமிக் என்பது மெல்லிய டியூப் வழியாகப் பையை நிரப்பி உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. இந்த ரிப்போர்ட் இல்லாமல் அவருடைய பைக்கு வைத்தியம் சொல்பவர் யாராக இருந்தாலும், நான் உட்பட, ஊகத்தில்தான் சொல்கிறோம்.

நிலையான டியூபை எடுத்துவிட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபை விட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் முறைக்கு அவரை மாற்றுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். சிஐசி என்பார்கள். 1972ல் மிச்சிகனில் ஜாக் லாப்பிடெஸ் என்ற யூராலஜிஸ்ட் இதை எழுதியபோது, ஸ்டெரைல் கையுறை இல்லாமல் சோப்பு போட்டுக் கை கழுவி நோயாளியே செய்துகொள்ளலாம் என்றதைப் பலர் ஏற்கவில்லை. பை நிரம்பி அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்பது அவருடைய வாதம், அதுதான் நின்றது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீர்க் கிருமியாலும் சிறுநீரகம் கெட்டும்தான் இறந்துபோனார்கள். இன்றைக்கு அவர்கள் முழு ஆயுளுக்குப் பக்கமாக வாழ்வதில் சிஐசிக்குப் பெரும் பங்கு உண்டு.

உங்கள் கணவருக்கு டி10. கைகள் இரண்டும் நன்றாக இருக்கும், அவரே செய்துகொள்ளலாம், நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு முறை. ஒரு தடவை வடிப்பது 400, 500 மில்லியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரை நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்க வேண்டும், ராத்திரி படுக்கும் முன் குறைத்துக்கொள்ளலாம். முதல் வாரங்களில் நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டுதான் வேண்டும்.

சிஐசி மட்டும் போட்டால் நடுநடுவே கசியலாம், பை முறுக்குவது நிற்காதே. அதற்கு ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின், சாலிஃபெனாசின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. வாய் உலரும், மலச்சிக்கல் கூடும், அதைச் சமாளிக்க வேண்டும். மிராபெக்ரான் என்று வேறு வகை மாத்திரையும் உண்டு. மாத்திரையில் அடங்காவிட்டால் பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி. முகச்சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதேதான். 200 யூனிட், பெரும்பாலோருக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை பை அமைதியாக இருக்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். அமெரிக்காவில் இதற்கு 2011லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஊசி போட்டபின்னும் சிஐசி தொடரும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எதற்கும் அடங்காத சிலருக்குக் குடலின் ஒரு துண்டைச் சேர்த்துப் பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன் உண்டு. அது வெகு சிலருக்குத்தான்.

குளிர்ஜுரம் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்கள். டியூபும் மாற்றி, புது டியூபிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் சரியாக இருக்கும். ஜுரமோ நடுக்கமோ இல்லாமல் சிறுநீர் கலங்கலாக இருந்தால் மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. டியூப் போட்டவர்களின் சிறுநீரில் கிருமி இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டுப் போட்டு, கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை வளர்த்துவிடுவோம்.

அவருடைய கூச்சத்துக்கு என்னால் மருந்து எழுத முடியாது. தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975ல் கழுத்தில் அடிபட்ட ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கியது. அங்கேயோ வேலூரிலோ சிஐசி செய்துகொண்டே வேலைக்கும் விசேஷத்துக்கும் போய்வருகிற ஒருவரை உங்கள் கணவர் சந்தித்துப் பேசட்டும். டாக்டர் ஒரு மணி நேரம் சொல்வதை அவர் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு இன்னும் மனு கொடுக்கவில்லை என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்த வேகத்தில் வீட்டிலேயே டியூபை எடுத்துவிடாதீர்கள். யூரோடைனமிக் முடிந்து, சிஐசியை நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, அவர் தானே சில முறை செய்து காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அதுவரை இப்போது போலவே டியூப் இருக்கட்டும். ஆனால் தடிமனான டியூபுக்கு மாற்றுகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வெளியே சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடுங்கள், டியூபை இழுபடாமல் அடிவயிற்றிலோ தொடையிலோ பிளாஸ்திரி போட்டு ஒட்டிவையுங்கள்.